கரும்பலகையில் ஒரு ரோலர்

ஒழுக்கவியல் படிப்பிக்கிறேன் என்று சொன்னால் மன்னாரில் முக்கால்வாசிப் பேர் என்னைச் சமயபாட வாத்தியார் என்றே நினைக்கிறார்கள். மற்றவர்கள், "இப்பத்தப் பெடியளுக்கு அதுதான் சேர் தேவை, நல்லாச் சொல்லிக் குடுங்கோ" என்றுவிட்டுப் பக்கத்து வீட்டுப் பெடியனின் மோட்டார்சைக்கிள் சத்தத்தைப் பற்றி முறையிடத் தொடங்குவார்கள். எது நல்லது எது கெட்டது என்று சொல்லிக்கொடுப்பதல்ல என் வேலை, யோசித்து ஒரு முடிவுக்கு வருவது எப்படி என்று பழக்குவதுதான் என்று சந்தை வாசலில் நின்று விளக்கப் புறப்பட்டால் கையிலிருக்கும் மீன் பழுதாகிவிடும். தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

கிழமை நாட்களில் உயர்தர வகுப்புக்கு அளவையியலும் விஞ்ஞானமுறையும். சனிக்கிழமைகளில் வளர்ந்தவர்களுக்கான டிப்ளோமா வகுப்பொன்றில் ஒழுக்கவியல் அறிமுகம். இரண்டும் ஒரே சரக்கு என்று வெளியே தெரியும், உள்ளே அப்படியில்லை. உயர்தரப் பிள்ளையிடம் ஒரு நியாயத்தொடையைக் கொடுத்தால் வட்டங்களைக் கீறிப் பார்த்து வாய்ப்பானது, வாய்ப்பற்றது என்று சொல்லிவிடும். எல்லா மனிதரும் இறப்பவர் என்பதில் ஒருவருக்கும் மனக்கசப்பு இல்லை. சனிக்கிழமை வருகிறவர்கள் முன்பள்ளி ஆசிரியைகள், சமுர்த்தி உத்தியோகத்தர், குருமடத்திலிருந்து இடையில் வெளியேறியவர், சம்மாட்டி மகன், வங்கி எழுதுநர். ஊர்களும் அப்படித்தான்: பேசாலை, வங்காலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், அடம்பன், முசலி. அவர்கள் வாயில் வரும் ஒவ்வொரு கூற்றுக்குப் பின்னாலும் ஒரு வீடோ, அறுந்த வலையோ, திரும்பி வராத ஒருவரோ இருப்பார்கள்.

முதல் வகுப்பில் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பேன். இடப்பக்கம், நடந்தது அல்லது நடப்பது. வலப்பக்கம், நடக்க வேண்டியது. பத்திரிகையிலிருந்து ஒரு பந்தியை வாசித்து, ஒவ்வொரு வசனத்தையும் எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்பேன். 'இருக்கிறது' என்பதிலிருந்து 'இருக்க வேண்டும்' என்பதற்கு எழுத்தாளர்கள் சத்தமில்லாமல் தாவிவிடுகிறார்கள் என்று டேவிட் ஹியூம் 1740-இல் வெளிவந்த நூற்பகுதியில் சுட்டிக்காட்டினார். அவர் பெயரைச் சொல்லாமலே இந்தப் பயிற்சியைச் செய்யலாம். எங்கள் பேச்சில் பாதி அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. "அவன் குடிகாரன்" என்பது இடமா வலமா? ஒரு மணித்தியாலம் அதிலேயே போகும்.

தத்துவப் பாடநூல்களில் எங்கும் ஒரு ட்ராம் வண்டி ஓடும். பிலிப்பா ஃபுட் 1967-இல் எழுதிய கட்டுரையில் வந்தது. பிறகு ஜூடித் ஜார்விஸ் தொம்சன் அதைப் பெருக்கினார். பிரேக் இல்லாத வண்டி, ஒரு தண்டவாளத்தில் ஐந்து பேர், மறுதண்டவாளத்தில் ஒருவர், கையில் ஒரு விசை. மன்னாரில் அது எடுபடாது. தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் 2015 மார்ச்சில்தான் மறுபடி ஓடத் தொடங்கியது, அதன் வேகத்தை எல்லோரும் அறிவார்கள். "ஏன் சேர் அந்த ஐஞ்சு பேரும் எழும்பிப் போகேல்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அந்தப் புதிரின் மேல் எனக்கும் பெரிய மரியாதை இல்லை. அதில் ஆட்களுக்கு முகமில்லை, விசையை இழுப்பவனுக்கு அயலில்லை, இழுத்தபின் வாழவேண்டிய நாளைக்காலை இல்லை.

அதைவிட இம்மானுவேல் கான்ட் தந்த உதாரணம் இங்கே ஒரு நொடியில் பற்றிக்கொள்ளும். 1797-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில், கொலைகாரன் கதவைத் தட்டி உன் நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று வாதாடினார் அவர். கதவைத் தட்டி ஆள் கேட்பது எங்களுக்குப் புத்தக உதாரணம் அல்ல. ஆமி தட்டியிருக்கிறது. இயக்கம் பிள்ளை கேட்டுத் தட்டியிருக்கிறது. நான் சொல்லி முடிக்க முன்னமே அடம்பனிலிருந்து வரும் அக்கா ஒருவர் சொன்னார்: "சேர், உந்தக் கான்ட் ஒருநாளும் சுற்றிவளைப்புக்க இருந்திருக்க மாட்டார்."

வகுப்பு சிரித்தது. நான் கான்ட்டுக்காக வக்காலத்து வாங்கினேன். அது என் தொழில். எல்லோரும் தேவைக்குப் பொய் சொல்லலாம் என்றால் சொல்லுக்கே மதிப்பில்லாமல் போகாதா? பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளையில் அடைப்புக்குறிக்குள் 'ஆமி வந்தால் தவிர' என்று இருக்கிறதா? குருமடத்துத் தம்பி அகுஸ்தீனாரும் கான்ட் பக்கம்தான் என்றார். உடனே முன்பள்ளி ஆசிரியை ஒருவர் வள்ளுவரைக் கொண்டுவந்தார். வாய்மை அதிகாரத்தின் இரண்டாவது குறள், குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்கிறது. எல்லோருக்கும் நிம்மதி. வள்ளுவர் வென்றார், ஜெர்மன்காரர் தோற்றார்.

அந்த நிம்மதியை அப்படியே விட்டால் நான் சம்பளம் வாங்கக்கூடாது. இடம்பெயர்ந்திருந்த காலத்து நிவாரணப் பட்டியலைப் பற்றிக் கேட்டேன். நான்கு பேருள்ள குடும்பத்தை ஆறு என்று எழுதிக்கொடுப்பது எங்கும் நடந்தது. பசித்த பிள்ளைக்கு ஒரு கோப்பை அரிசி கூடுதலாகக் கிடைத்தது. குற்றமில்லாத நன்மையா? சிலர் ஓம் என்றார்கள். சமுர்த்தி உத்தியோகத்தர் இல்லையென்று தலையாட்டினார்: அரிசி மூடை எண்ணி வருகிறது, கூட்டி எழுதத் தெரியாத விதவையின் பங்குதான் குறைகிறது. கதவடியில் பொய் சொல்பவன் கொலைகாரனுக்கு ஒன்றைக் கொடுக்க மறுக்கிறான், பட்டியலில் பொய் எழுதுபவன் வரிசையில் பின்னால் நிற்பவளிடமிருந்து எடுக்கிறான். இந்த வேறுபாட்டை நான் சொல்லவில்லை. அவர்களே அரைமணி நேரம் முட்டி மோதி எடுத்தார்கள். குறளில் 'குற்றமில்லாத' என்ற நிபந்தனை எவ்வளவு பாரமானது என்பது அதற்குப் பிறகுதான் பிடிபட்டது.

கழுதைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அராபிய வணிகர் விட்டுப்போனவை என்று சொல்லப்படும் கழுதைகள் மன்னார் நகரத் தெருக்களில் யாருடையவையும் அல்லாமல் திரிகின்றன. வாகனத்தில் அடிபடுகின்றன, பிளாஸ்டிக் தின்கின்றன. விலங்கைப் பற்றிய பாடத்தில் பகுத்தறிவு உண்டா என்று பார்க்காதே, வலிக்குமா என்று பார் என்ற பெந்தாமின் கருத்தை விளங்கப்படுத்த வேறெங்கும் போகத் தேவையில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒன்று நிற்கும்.

இனி ரோலர். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தப் பாடத்துக்குத்தான் நான் அதிக நேரம் கொடுக்கிறேன். புத்தகம் அதை இழுவைப்படகு என்கிறது, ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் கனத்த பலகைகள் வாயை விரித்துப் பிடிக்க, மடி கடலடியை வாரிக்கொண்டு வரும். மீனோடு மீன்குஞ்சும் சாதாளையும் சிப்பியும் சேற்றோடு ஏறும். இராமேசுவரம் பக்கத்துப் படகுகள் கிழமையில் மூன்று நாள் கடலுக்கு இறங்கும் முறை இருக்கிறது. அந்த இரவுகளில் எங்கள் பக்கத்துச் சிறு படகுக்காரர் வலை விடப் பயப்படுவார்கள். விட்டால் காலையில் கயிறு மட்டும் மிஞ்சும்.

வங்காலையைச் சேர்ந்த ஒருவர் வகுப்பில் சொன்ன வசனத்தை அப்படியே எழுதினேன்: இந்திய ரோலர்கள் எங்கள் கடலை அழிக்கின்றன, ஆகவே அவை வரக்கூடாது. ஒருவரும் மறுக்கவில்லை. இந்த எடுகூற்றிலிருந்து அந்த முடிவு வருகிறதா என்று கேட்டேன். "வராமல்?" என்றார்கள். இடையில் சொல்லாமல் விட்ட ஒரு கூற்று இருக்கிறது, அதை எடுத்து மேசையில் வையுங்கள் என்றேன்.

இரண்டு வந்தன. கடலடியை அழிக்கும் தொழில் எதுவும் கூடாது என்பது ஒன்று. எங்கள் கடலுக்குள் பிறர் வந்து தொழில் செய்யக்கூடாது என்பது மற்றது. முதலில் எல்லோரும் இரண்டும் ஒன்றுதானே என்றார்கள். இரண்டையும் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றையும் நம்புகிறவர் யாரையெல்லாம் கடலிலிருந்து வெளியேற்றவேண்டும் என்று பட்டியல் போடச் சொன்னேன். இரண்டாவது கூற்றின்படி இராமேசுவரத்திலிருந்து தூண்டில் கயிற்றோடு வரும் கிழவனும் வெளியே போகவேண்டும். எங்கள் கரையின் ரோலர் மட்டும் ஓடலாம். முதலாவதின்படி தூண்டில்காரன் இருக்கலாம். எங்கள் கரையின் ரோலர் நிற்கவேண்டும்.

எங்கள் கரையிலும் ரோலர் உண்டு. பேசாலையில் உண்டு, யாழ்ப்பாணம் குருநகரில் உண்டு. இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து இலங்கை நாடாளுமன்றம் 2017-இல் நிறைவேற்றிய 11-ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கொடியைப் பார்க்கவில்லை. உள்ளூர்ப் படகுக்கும் அதே தடைதான். சட்டம் வந்ததால் எல்லாம் நின்றுவிடவும் இல்லை.

வகுப்பில் பின்வரிசையில் பேசாலைத் தம்பி ஒருவர். "அப்ப சேர், எங்கட அப்பாவும் உந்தப் பட்டியலுக்கயா?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் வங்காலைக்காரர் பாய்ந்தார்: "நீ உதில கதைக்காத. உங்கட வீட்டச் சோறே ரோலர்ச் சோறு."

இங்கே பாடத்தை நிறுத்தி அந்த வசனத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஆளைக் காட்டி வாதத்தைத் தள்ளுவது அளவையியலில் பழைய போலி; உயர்தரத்தில் இரண்டு மதிப்பெண் வினாவுக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். தம்பி சொன்னது வாதமே அல்ல, கேள்வி. அதுவும் வகுப்பிலேயே நேர்மையான கேள்வி. அவர் அப்பாவின் தொழில் என்னவென்பது அந்தக் கேள்வியைப் பலவீனப்படுத்தவில்லை. அதேபோல, நாளைக்கு ஓர் இராமேசுவரம் முதலாளி எழும்பி, உங்கள் பேசாலையில் ரோலர் இல்லையா என்று கேட்டால் எங்கள் முறைப்பாடு பொய்யாகிவிடுமா? ஆகாது. எங்களில் சிலர் அதே பிழையைச் செய்கிறார்கள் என்பது மட்டும் நிறுவப்படும். இந்தக் கடைசிப் புள்ளியை ஒப்புக்கொள்ள வகுப்புக்கு நேரம் பிடித்தது. உள்ளூர் ரோலரை ஒப்புக்கொண்டால் இந்திய ரோலருக்கு வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும் என்ற பயம்.

பேசாலைத் தம்பி விடவில்லை. தங்கள் படகு சிறியது, எண்ணிக்கையில் கொஞ்சம், விடியப் போய்ப் பின்னேரம் திரும்புவது, மற்றவன் வலையை அறுப்பதில்லை, கடன் இருக்கிறது, வேறு தொழிலுக்குக் கருவி வாங்கக் காசில்லை, கடைசியாக, தாங்கள் இந்த ஊர் ஆட்கள். அவர் சொன்ன ஒவ்வொரு காரணத்தையும் எழுதி, இது தொழிலின் சரிபிழையை மாற்றுகிறதா என்று கேட்டோம். எண்ணிக்கையும் அளவும் அழிவின் அளவை மாற்றும், தன்மையை மாற்றாது. வலை அறுக்காமை பெரிய வேறுபாடு. களவுக்கும் சேதத்துக்கும் உள்ள தூரம் அது. கடன், தடையைத் தவறாக்காது; ஆனால் தடைபோட்டவனுக்கு ஒரு கடமையைச் சேர்க்கும், மாற்றுத்தொழில் கொடுக்காமல் கதவை மூடாதே என்று. ஊர் ஆட்கள் என்ற காரணத்தில்தான் வகுப்பு இரண்டாகப் பிளந்தது. தன் ஆட்களுக்குக் கூடுதல் பரிவு காட்டுவது ஒழுக்கமா, ஒழுக்கத்திலிருந்து நழுவுவதா? தத்துவத்தில் இது தீர்ந்த கேள்வி அல்ல. வீட்டில் அண்ணன் தம்பிக்கு ஒரு மீன் கூடப் போடலாம், அளவுகோலை மட்டும் மாற்றிப் பிடிக்கக்கூடாது என்பது என் கட்சி. வகுப்பில் எல்லோரும் ஏற்கவில்லை.

இராமேசுவரத்துப் பக்கத்து வாதத்தையும் அதன் பலமான வடிவில் வைப்பது என் வழக்கம். பலவீனமான வடிவில் வைத்து அடித்து விழுத்துவது சவால் இல்லாத விளையாட்டு. 1974-இலும் 1976-இலும் டெல்லியும் கொழும்பும் கீறிய கடலெல்லையைப் பற்றி மீனவர் எவரையும் கேட்கவில்லை. தலைமுறைகளாக இரு கரையாரும் ஒரே கடலில் தொழில் செய்தார்கள். ரோலர் வாங்கச் சொல்லி ஊக்கம் கொடுத்ததே அரசுதான். எல்லாம் உண்மை. ஆனால் அந்த வாதத்தால் பாய்மர வள்ளத்துக்கு உரிமை வரும், அன்று இல்லாத ஒரு கருவிக்கு வருமா? இன்னொன்றையும் காட்டுவேன். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனம் பெருகும் காலம் என்பதே சொல்லப்படும் காரணம். அப்படியென்றால் ரோலர் மீனுக்குக் கேடு என்ற எடுகூற்றில் இரு கரைக்கும் தகராறு இல்லை. தகராறு, யாருடைய மீன் என்பதில்.

இந்த இடத்தில் வழமையாக நான் ஜோன் ரோல்ஸைக் கொண்டுவருவேன். 1971-இல் அவர் வெளியிட்ட நீதி பற்றிய நூலில் ஒரு கற்பனை உண்டு: நீ யாராகப் பிறப்பாய் என்று தெரியாத ஒரு திரைக்குப் பின்னாலிருந்து சட்டம் எழுது. தனுஷ்கோடிப் பக்கமா தலைமன்னார்ப் பக்கமா, ரோலர் முதலாளியாகவா, பங்குக்குப் போகும் கூலியாகவா, வலை அறுந்தவனாகவா, ஒன்றும் தெரியாது. எழுதுங்கள் என்று தாளைக் கொடுத்தால் எல்லாக் குழுக்களும் ஏறக்குறைய ஒரே சட்டத்தை எழுதும்: கடலடியை வாரும் மடி யாருக்கும் வேண்டாம், நிறுத்துகிறவனுக்கு அவகாசமும் மாற்றுத்தொழிலும் கொடு. இவ்வளவு இலகுவில் ஒற்றுமை வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அந்த முறை சந்தேகத்துக்கு உருவம் கொடுத்தவர் தலைமன்னாரைச் சேர்ந்த ஓர் அம்மா. எங்கள் வகுப்பில் வயது கூடியவர். அதுவரை பேசாதவர். "சேர், நான் ஒண்டு கேக்கலாமா? தொண்ணூறில நாங்கள் இராமேசுவரத்தில போய் இறங்கேக்க எங்களுக்குச் சோறு தந்தது அந்தச் சனம்தான். மண்டபம் முகாமிலதான் என்ர மூத்தவன் பிறந்தவன். அந்தப் பேப்பரில நான் அதை எங்க எழுதுறது?"

ரோல்ஸின் திரைக்குப் பின்னால் இருப்பவனுக்கு நினைவு கிடையாது. யாருக்கும் நன்றிக்கடன் கிடையாது. இந்த அம்மாவுக்கு உண்டு. மன்னார்த் தீவில் ஏராளமானோருக்கு உண்டு. மண்டபம் முகாமை, முன்பு தோட்டத்துக்குப் போன கூலிகளை நோய்த்தடுப்புக்காக மறித்துவைத்த அதே இடத்தை, எங்களில் எத்தனை குடும்பம் வீடு என்று சொல்லியிருக்கிறது! செய்ந்நன்றியை ஒழுக்கத்தின் அடித்தளமாக வைத்த மொழியில் வளர்ந்துவிட்டு, நன்றி ஒரு காரணமே அல்ல என்று சொல்ல எனக்கு வாய் வராது. மேலைத்தேய அறிமுக நூல்களில் நன்றிக்கு ஒரு பக்கம்கூட இருக்காது.

ஆகவே அதைக் காரணமாகவே எடுத்து ஆராய்ந்தோம். கடன் யாருக்கு? கரையில் சோறு தந்த சனத்துக்கு. ரோலர் முதலாளி அந்தச் சனமா? சிலவேளை ஆம், பெரும்பாலும் இல்லை. கடனை அடைப்பது எதனால்? நீண்ட நேரம் இப்படிப் போனபின் அம்மாவே முடிச்சை அவிழ்த்தார். "நன்றிக்காக என்ர வலையை விடலாம் சேர். பக்கத்து வீட்டான்ர வலையை விட எனக்கு உரிமையில்லை." வங்காலைக்காரர் இதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அம்மா தொடர்ந்தார்: "ஆனா, பிடிச்சுக்கொண்டு வந்து மன்னார்க் கோட்டில நிப்பாட்டுற பெடியளைப் பாக்க வயிறு எரியுது. முதலாளி ஒருத்தனையும் நான் அங்க காணேல்ல." தடை சரியென்பதும், தண்டனை போய்ச் சேரும் ஆள் பிழையென்பதும் ஒருவரே ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளக்கூடிய இரண்டு நிலைப்பாடுகள். அதைச் சொல்ல எனக்கு ஒரு முழு விரிவுரை தேவைப்படும். அவருக்கு இரண்டு வசனம் போதும்.

சான்று பற்றிய பாடத்துக்கும் இந்த ஊரே போதும், ஆனால் அதை நான் ஆண்டுதோறும் எடுப்பதில்லை. வகுப்பில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத்தான். 2018 மார்ச்சில் மன்னார் நகர வாசலில் சதொச விற்பனை நிலையக் கட்டடத்துக்காக மண் அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றக் கண்காணிப்பில் தோண்டத் தோண்ட 300-க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள், சிறுவருடையவையும் அதில். அதற்கு முன் 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் ஒரு புதைகுழி. காணாமற்போனவரைத் தேடும் குடும்பங்கள் தினமும் வந்து வேலிக்கு வெளியே நின்றார்கள். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் மயாமியிலுள்ள பீட்டா அனலிற்றிக் ஆய்வுகூடத்தின் அறிக்கை வந்தது: அனுப்பிய 6 மாதிரிகளின் காலம் 1404-க்கும் 1635-க்கும் இடைப்பட்டது.

ஊர் இரண்டாகப் பிரிந்தது. கொழும்பில் சிலர், பார்த்தீர்களா, புதைகுழி என்பதே கட்டுக்கதை என்றார்கள். இங்கே பலர், அறிக்கையே பொய் என்றார்கள். வகுப்பில் இரண்டு வாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் ஒரே ஓட்டை தெரியும். காபன்-14 ஏறத்தாழ 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும் என்ற இயற்கை விதி ஆறு எலும்புத் துண்டின் வயதைச் சொல்கிறது. மற்ற நூற்றுக்கணக்கானவற்றைப் பற்றி அது பேசவில்லை, எப்படிச் செத்தார்கள் என்று பேசவில்லை, நாட்டின் வேறெந்தக் குழியைப் பற்றியும் பேசவில்லை. மறுபக்கம், எங்கள் பிள்ளைகள் காணாமல் ஆக்கப்பட்டது உண்மை, ஆகவே இந்தக் குழி அவர்களுடையது என்பதும் தாவல்தான். முதற்பாதி உண்மையாக இருக்க, பிற்பாதி பொய்யாகலாம். மாதிரி தெரிவுசெய்த முறை, இன்னொரு கூடத்தில் மறுபரிசோதனை, மண் அடுக்கில் கிடைத்த பொருட்கள் என்று கேட்கவேண்டிய கேள்விகளைக் கேட்பது வேறு; விரும்பிய பதில் வராததால் அறிக்கையைக் கிழிப்பது வேறு.

இதை ஓர் அண்ணனைத் தேடும் தங்கையின் முன்னால் சொல்வது எளிதல்ல. சொல்லாமல் விடுவதும் அவரைக் குழந்தையாக நடத்துவதாகும். அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சரி சேர், அது எங்கட அண்ணா இல்லை. அப்ப அவர் எங்க?" அரசின் பதில் சொல்லும் கடமை அந்தக் குழியின் வயதில் தொங்கவில்லை என்பதை நான் சொல்ல நினைத்திருந்தேன். அவர் கேள்வி அதைச் சொல்லிவிட்டது.

1990 ஒக்டோபரைப் பற்றி. விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த 70,000-க்கு மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வகுப்புக்கு வருகிறவர்களின் பிள்ளைப்பருவம் புத்தளத்தில் கழிந்தது. இதை நான் விவாதத் தலைப்பாகக் கொடுப்பதில்லை. நியாயமா அநியாயமா என்று இரு அணி பிரித்துப் பேசச் சொல்வது, ஒருவர் வாழ்க்கையைப் பட்டிமன்றத்துக்கு வைப்பது. சில முடிவுகள் விவாதத்தின் தொடக்கப் புள்ளி. விமர்சன சிந்தனை என்றால் எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் தேடுவது என்று நினைக்கிற ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கேட்கக்கூடிய கேள்வி வேறு: கட்டளையிடாத, துவக்குத் தூக்காத, ஆனால் பார்த்துக்கொண்டு நின்ற அயலவருக்கு என்ன பொறுப்பு? கார்ல் யாஸ்பர்ஸ் 1946-இல் ஜெர்மானியக் குற்றம் பற்றி எழுதியபோது அதை நான்காகப் பிரித்தார்: சட்டக் குற்றம், அரசியல் பொறுப்பு, தன் மனச்சாட்சிக்கு முன்னான ஒழுக்கக் குற்றம், மனிதனென்ற அளவில் இன்னொருவன் அழியும்போது உயிரோடிருந்ததன் குற்றம். இந்தப் பிரிப்பு வகுப்பில் பெரிய உதவி. "நாங்கள் செய்யேல்லையே" என்று எழும்பும் தற்காப்பு முதலாவதுக்குத்தான் பொருந்தும். அதைச் சொன்னபிறகு மூச்சு விட இடம் கிடைத்து, மற்ற மூன்றையும் பேசுவார்கள். பிறகு வெளியேறியவர் வீட்டில் குடியிருந்த, தானும் வேறிடத்திலிருந்து துரத்தப்பட்ட தமிழ்க் குடும்பத்தின் கதை வரும். அது பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் கதைகள் வகுப்புக்குள் சொல்லப்பட்டவை.

கடைசியாக நடந்த தொகுதிக்குப் பாடம் தேடவேண்டி இருக்கவில்லை. தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. புதிய காற்றாலைகளுக்கான பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மறித்து 2025 ஆகஸ்டில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள்; ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதம் நிறுத்திவைக்கச் சொன்னார். பிறகு மறுபடி தொடங்கியது, மறுபடி எதிர்ப்பு. கையில் வந்த துண்டுப்பிரசுரங்களை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி வசனம் வசனமாகக் கோட்டின் இரு பக்கமும் போட்டோம். மழைவெள்ளம் வடியாமல் நிற்கிறது என்பது இடப்பக்கம். மேடைகளும் பாதைகளும் நீரோட்டத்தை மறிக்கின்றனவா என்று அளந்து பார்க்கலாம். மீன் கரையை விட்டுப் போய்விட்டது என்பதும் இடப்பக்கம். ஆனால் அதற்கு ரோலரும் காரணமாகலாம் என்று பேசாலைத் தம்பியே சொன்னார், சிரிக்காமல். வலசைப் பறவைகள், வங்காலைச் சரணாலயம், 2010-இல் கிடைத்த ராம்சார் அங்கீகாரம் எல்லாம் வந்தன.

எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தபின் பலமாக நின்றது, பறவையையும் வெள்ளத்தையும் நம்பியிராத ஒரு வாதம்: எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரில் செய்தார்கள். வகுப்பு மகிழ்ந்தது. வழக்கம்போலச் சொல்லாமல் விட்ட எடுகூற்றைக் கேட்டேன். ஓர் இடத்து மக்களின் சம்மதமின்றி மற்றவர் நன்மைக்காக அவர்கள்மேல் சுமை ஏற்றக்கூடாது என்று எழுதினார்கள்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வரும் பிள்ளை கையை உயர்த்தினார். "சேர், நான் படிச்சது புத்தளத்தில. நுரைச்சோலை நிலக்கரி ஆலை, 900 மெகாவோட், அது அங்கத்தச் சனத்திட்டக் கேட்டா கட்டினது? சாம்பல் பறக்குது எண்டு அவங்க கத்தேக்க மன்னாரில ஃபேன் ஓடினதுதானே? ஒருத்தரும் இங்க ரோட்டுக்கு வரேல்லை."

"அதுக்காக இப்ப நாங்களும் சுமக்கோணுமா?" என்று வங்காலைக்காரர் எழும்பினார். அப்படிச் சொல்லவில்லை, அந்த எடுகூற்றை நம்பினால் நுரைச்சோலைக்காகவும் ஒரு வரி எழுதுங்கள் என்றார் பிள்ளை. காற்றாலையில் புகையில்லையே, இரண்டும் ஒன்றா என்று பின்னாலிருந்து ஒருவர். சம்மதம் என்றால் எத்தனை பேருடைய சம்மதம், ஒருவர் மறுத்தால் திட்டம் நிற்குமா என்று சமுர்த்தி உத்தியோகத்தர். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். பேசாலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டது என்று யாரோ ஜன்னலால் பார்த்துச் சொன்னபோதுதான் மணி தெரிந்தது. நாலு பேர் சேர்ந்து ஓட்டோ பிடித்தார்கள், ஓட்டோக்காரரும் ஓடுமுன்னமே ஒரு கட்சி எடுத்துவிட்டார்.